மலைக்குப் போகக் கேட்கிற பிள்ளைக்கு என்ன சொல்வது? ஊன்ட்றொப்பிலிருந்து அல்ப்ஸ் வரை ஸ்கீ ரூர்

ஊன்ட்றொப் என்றதும் எங்கட ஆக்களுக்கு நினைவு வருவது காமாட்சி அம்பாள் கோயில். 2002 இல் கும்பாபிஷேகம் நடந்த கோயில், 17 மீற்றர் உயரக் கோபுரம், கோடையில் தேர், பக்கத்துக் கால்வாயில் தீர்த்தம். ஐரோப்பாவின் எந்த மூலையில் இருந்தாலும் ஒருமுறையாவது ஏ2 நெடுஞ்சாலையில் இருந்து இறங்கி இங்கே வந்திருப்பீர்கள். வந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். இங்கே மலை என்று ஒன்று இல்லை. லிப்பெ ஆறு, வயல், மின்நிலையம், தொழிற்பேட்டை. கடல் மட்டத்திலிருந்து 60 மீற்றர் அளவு உயரத்தில் ஒரு தட்டை நிலம்.

இந்தத் தட்டை நிலத்தில் வளருகிற எங்கட பிள்ளைகள்தான் இப்போது ஸ்கீ ரூர் போகக் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்து ஸ்கீ கிழமையில் தொடங்கும். பிறகு நண்பர்கள், ஏறுசுவர் மண்டபம், அல்பைன் சங்கத்தின் இளைஞர் குழு. ஒருநாள் குசினியில் வந்து நின்று, "அம்மா, கார்னவலுக்கு நாங்கள் அல்காய் போறம், லிப்ற் இல்லாமல் ஏறப்போறம்" என்று சொல்லும். என்னுடைய மூத்தவள் 17 வயதில் கேட்டாள்.

எங்களில் பலருக்கு வாயில் முதலில் வருகிற சொல் "வேண்டாம்" என்பதுதான். ஆனால் 18 வயது வந்தபிறகு அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை. எங்களுக்குத் தெரியாமல் போவதை விட, என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்த அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது. அந்தக் கேள்விகளைத் தமிழில் ஒரு இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இது.

ஸ்கீ ரூர் என்றால் என்ன?

நாங்கள் பார்த்துப் பழகிய ஸ்கீ, லிப்றில் ஏறிச் சீர்செய்த பாதையில் இறங்குவது. அந்தப் பாதையைக் காலையில் ஆட்கள் பார்த்துத்தான் திறப்பார்கள். ஆபத்து என்றால் பூட்டிவிடுவார்கள். ஸ்கீ ரூரில் லிப்ற் இல்லை, பூட்டுகிற ஆளும் இல்லை. ஸ்கீயின் அடியில் பெல் என்கிற பட்டியை ஒட்டி, குதிக்கால் மேலெழும்பக்கூடிய கட்டில் சப்பாத்தை மாட்டி, மலையை நடந்தே ஏறுவார்கள். பட்டியின் மயிர் ஒரு பக்கமாகப் படிந்திருப்பதால் ஸ்கீ முன்னுக்கு வழுக்கும், பின்னுக்கு வழுக்காது. ஒருகாலத்தில் கடல்நாயின் தோல், இப்போது மொஹேர் அல்லது நைலோன். உச்சியில் பட்டியைக் கழற்றிவிட்டு, சீர்செய்யாத பனியில் இறங்குவார்கள். ஒரு மணித்தியாலத்தில் 300 முதல் 400 மீற்றர் உயரம் ஏறுவது சாதாரண வேகம்.

அழகான விளையாட்டு. ஆனால் பாதையைத் திறப்பதா பூட்டுவதா என்ற முடிவை ஏறுகிறவர்களே எடுக்க வேண்டும். பிள்ளைக்கு ஸ்கீ ஓடத் தெரியுமா என்பது முதற்கேள்வி மட்டும்தான். அந்த முடிவை எடுக்கத் தெரியுமா, அல்லது தெரிந்த ஒருவரோடு போகிறதா என்பதுதான் பெரிய கேள்வி.

முதற்படி வீட்டுக்குப் பக்கத்தில்

அல்ப்ஸுக்கு ஓடமுதல் எங்களுக்கு ஒரு மலை இருக்கிறது. ஊன்ட்றொப்பில் இருந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றரில் வின்ரர்பேர்க், சவுவர்லாண்ட். கார் இல்லாதவர்களுக்கு டோட்முண்டில் இருந்து நேரடி ரெயில் ஓடுகிறது. அங்கே காலர் அஸ்ரன் என்ற மலை, 842 மீற்றர். எங்கட மாநிலத்தில் இதுதான் உயரம் என்று பலரும் நினைப்பார்கள். உண்மையில் நீடர்ஸ்பெல்ட் பக்கத்து லங்கன்பேர்க் ஒரு மீற்றர் கூட, 843.

பிள்ளையை மூன்று படியாகப் பழக்கலாம்.

முதலாவது, ஷ்மலன்பேர்க் நகரசபைக்குள் வருகிற வெஸ்ற்பெல்ட், ஓலன்பாக் பகுதியின் லங்லவுப் பாதைகள். குதிக்கால் எழும்புகிற ஸ்கீயில் சமநிலை வருவதற்கு இதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை. ஸ்கீயை வாடகைக்கு எடுக்கலாம். சின்னப் பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். வெட்டி வைத்த தடத்தில் சப்பாத்தோடு நடக்கக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிக் கொடுங்கள்.

இரண்டாவது, நீடர்ஸ்பெல்டில் இருந்து நோயர் ஹாகன் என்ற உயர்வெளிக்கு ஏறி, அங்கிருந்து காட்டுக்குள்ளால் லங்கன்பேர்க். மொத்த ஏற்றம் 300 மீற்றர் அளவு. பனி நன்றாகக் கிடக்கிற நாளில் போய்வர அரைநாள். பட்டி ஒட்டி ஏறவும், உடுப்பைக் கழற்றிப் போடவும், வியர்வையோடு காற்றில் நின்றால் எப்படிக் குளிரும் என்று தெரியவும் இந்த ஏற்றம் போதும். நோயர் ஹாகன் இயற்கைப் பாதுகாப்புப் பகுதி என்பதால் பாதையை விட்டு வெளியே போகக் கூடாது. காலர் அஸ்ரன் உச்சிக்கும் இதே விதிதான். சவுவர்லாண்டில் பனிச்சரிவு பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. மூடுபனி, ஈரக்குளிர், கெதியாக இருட்டிவிடுவது என்பவைதான் அங்கே கவனிக்க வேண்டியவை. நெற்றி விளக்கும் காய்ந்த கையுறை ஒரு சோடியும் எப்போதும் பையில் இருக்கட்டும். இன்னொன்று, சவுவர்லாண்டில் பனி தங்குகிற நாட்கள் முந்தியைப் போல இல்லை. வெள்ளிக்கிழமை பனி அறிக்கையைப் பார்த்துவிட்டு சனிக்கிழமை வெளிக்கிடுகிற பழக்கம் வேண்டும். மலைக்குப் போகிறவர்களின் முதற்பழக்கமும் அதுதான்.

மூன்றாவது, அல்ப்ஸில் அனுமதிக்கிற பிஸ்ற் ஓரத்தால் ஏறுவது. ஒருவர் பின் ஒருவராக, விளிம்பால் மட்டும். மாலையில் பிஸ்ற் பூட்டியபிறகு ஏறவே கூடாது. பனியைச் சீர்செய்கிற இயந்திரம் செங்குத்தான இடங்களில் இரும்புக் கயிற்றில் தொங்கி வேலை செய்யும். இருட்டில் அந்தக் கயிறு கண்ணுக்குத் தெரியாது, அது திடீரென்று இழுபடும்போது ஆளையே கொல்லும். சில இடங்களில் மாலை ஏற்றத்துக்கென்று தனி நாளும் தனிப் பாதையும் வைத்திருக்கிறார்கள். அந்த நாளில் மட்டும் போகலாம்.

பனிச்சரிவு எப்படி விழுகிறது?

லவீன என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருக்கும். சத்தம் போட்டால் விழும் என்பது கட்டுக்கதை. ஸ்கீக்காரரைக் கொல்வது பெரும்பாலும் பலகைபோல உடைகிற பனிச்சரிவு.

குசினியில் செய்து பார்க்கலாம். ஒரு தட்டத்தில் சீனியைப் பரப்பி, அதன்மேல் ஒரு தோசையை வைத்து, தட்டத்தை மெல்லச் சரியுங்கள். ஒரு கட்டத்தில் தோசை துண்டாகாமல் முழுதாக வழுக்கிவரும். மலையிலும் அப்படித்தான். அடியில் சீனிபோலப் பிடிப்பில்லாத பழைய பனி, மேலே காற்று அடித்து இறுக்கிய புதுப்பனி. ஒரு ஆளின் பாரம் அந்த அடிப்படையை உடைத்தால் முழுப் பலகையும் புறப்படும். காற்றுத்தான் பனிச்சரிவைக் கட்டுகிற மேசன் என்று ஜேர்மன் மலைக்காரர் சொல்லுவார்கள். பனி பெய்து முடிந்து, காற்றும் அடித்து, அடுத்தநாள் நீலவானம் திறக்கும்போதுதான் ஆட்கள் ஆசையோடு வெளிக்கிடுவார்கள். அந்த அழகான நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நாள்.

இதில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விடயம்: உயிரிழப்பு நடக்கிற பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பதை அகப்பட்டவரோ அவருடைய குழுவில் ஒருவரோதான் தொடக்கி வைத்திருக்கிறார். மலை தானாக வந்து விழுவது குறைவு. அப்படியென்றால் இது வெறும் விதி இல்லை. எங்கே கால் வைப்பது என்று தெரிந்தால் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

ஐந்து நிலை, முப்பது பாகை

அல்ப்ஸ் முழுக்க ஒரே அளவுகோல் இருக்கிறது. 1993 இலிருந்து ஐரோப்பிய நாடுகள் பொதுவாகப் பாவிக்கும் ஐந்து நிலைகள்: 1 குறைவு, 2 மிதமானது, 3 குறிப்பிடத்தக்கது, 4 பெரியது, 5 மிகப் பெரியது. பயர்ன், திரோல், சுவிஸ் என்று ஒவ்வொரு பகுதிக்கும் அறிக்கை வரும். சுவிஸில் டாவோஸில் இருக்கிற பனி ஆய்வு நிலையம் மாலை 5 மணிக்கு வெளியிடும், நடுப்பனிக்காலத்தில் காலை 8 மணிக்குத் திரும்பவும் வரும். வானிலை பார்ப்பதுபோல இலவசமாகப் பார்க்கலாம்.

எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அறிக்கையில் இன்னும் மூன்று விடயம் இருக்கும். எந்த உயரத்துக்கு மேலே ஆபத்து, எந்தத் திசைச் சரிவில், என்ன காரணம். காரணங்களும் ஐந்துதான்: புதுப்பனி, காற்று குவித்த பனி, ஆழத்தில் கிடக்கிற பிடிப்பில்லாத பழைய படை, ஈரப்பனி, வழுக்குகிற பனி. "1800 மீற்றருக்கு மேலே, வடக்கு, கிழக்குச் சரிவில், காற்று குவித்த பனி" என்று எழுதியிருந்தால், அன்றைக்கு 1500 மீற்றரில் தெற்குப் பக்கம் போகிற குழு யோசித்துப் போகிற குழு.

மூன்றாம் நிலையைப் பற்றி ஒரு சொல். ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம், பரீட்சையில் பாஸ் என்று மனம் சொல்லும். அப்படி இல்லை. பனிக்காலத்தில் இந்த நிலை அடிக்கடி வரும், ஆட்களும் போவார்கள், மிகக் கூடுதலான உயிரிழப்பும் இந்த நிலையில்தான். நான்கும் ஐந்தும் என்றால் பெரும்பாலானோர் வீட்டில் நின்றுவிடுவார்கள்.

அடுத்தது சரிவு. பலகைப் பனிச்சரிவு புறப்படுவதற்குச் சரிவு பொதுவாக 30 பாகைக்கு மேலே இருக்க வேண்டும். சுவிஸ் மலை வழிகாட்டி வேர்னர் முன்ரர், இரண்டையும் சேர்த்து ஒரு எளிய விதி சொன்னார்: நிலை 2 என்றால் 40 பாகைக்குக் கீழே, நிலை 3 என்றால் 35க்குக் கீழே, நிலை 4 என்றால் 30க்குக் கீழே நில். இது பழகியவர்களுக்கான எல்லை. முதல் இரண்டு பனிக்காலம் போகிற பிள்ளைக்கு நான் கேட்பது இன்னும் கடுமை: எந்த நாளும் 30க்குக் கீழே, தலைக்கு மேலேயும் செங்குத்தான சரிவு தொங்கக் கூடாது.

30 பாகையை எப்படிக் கண்டுபிடிப்பது? 1:25 000 வரைபடத்தில் 20 மீற்றருக்கு ஒரு சமவுயரக் கோடு இருந்தால், இரண்டு கோட்டுக்கு இடைவெளி 1.4 மில்லிமீற்றருக்குக் குறையும்போது 30ஐத் தாண்டிவிட்டது. இணைய வரைபடங்கள் சிலவற்றில் அந்தச் சரிவுகளை நிறம் தீட்டியே காட்டுகிறார்கள். மலையில் நிற்கும்போது ஒரே நீளமான இரண்டு தடி போதும். ஒரு தடியைச் சரிவின் நேர்கீழாகப் பனியில் பதித்து அடையாளம் எடுங்கள். அதன் கீழ்நுனியை அசையாமல் வைத்து மேல்நுனியைத் தூக்கி, அந்த நுனியில் இரண்டாவது தடியை நேராகத் தொங்க விடுங்கள். தொங்குகிற தடியின் முனை, பதித்த அடையாளத்தின் மேல்முனையில் சரியாக வந்து தொட்டால் 30 பாகை. மூன்று பக்கமும் சமமான முக்கோணம், வேறொன்றும் இல்லை. எட்டாம் வகுப்புக் கணக்குக்கு இதைவிட நல்ல வீட்டுவேலை நான் காணவில்லை.

உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் போகிறவர்களுக்கு ஒன்று. அப்போது வெயில் ஏற ஏறப் பனி நனையும். விடிய வெளிக்கிட்டு மத்தியானத்துக்குள் இறங்கிவிட வேண்டும். "ஆறுதலாக எழும்பிப் போவம்" என்பது ஏப்பிரல் மாதத்துக்குச் சரிவராது.

பையில் மூன்று பொருள்

புதைந்தவரைத் தேடும் கருவி, அதை எல்.வி.எஸ் என்பார்கள். குத்திப் பார்க்கிற நீளமான மடிப்புக் கம்பி. உலோகச் சவள். மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், குழுவுக்கு ஒன்று போதாது. என் பையில் இருக்கிற சவளால் என்னை நானே தோண்ட முடியாது. கருவி இல்லாமல் சவள் இருந்தும் பயன் இல்லை. இத்தாலியில், தென்திரோல் உட்பட, 2022 இலிருந்து பனிச்சரிவு ஆபத்துள்ள இடத்துக்குப் போகிறவர்களுக்கு இந்த மூன்றும் சட்டப்படி கட்டாயம். வாங்க வேண்டும் என்றில்லை. அல்பைன் சங்கத்தின் கிளைகளிலும் மலைக்கடைகளிலும் வாடகைக்குக் கிடைக்கும்.

ஏன் இவ்வளவு அவசரம்? முழுதாகப் புதைந்தவருக்கு முதல் 10, 15 நிமிடம்தான் நல்ல வாய்ப்பு. அதற்குப் பிறகு அது வேகமாக விழுகிறது. மீட்புக் குழு ஹெலியில் வந்தாலும் அந்த நேரத்துக்குள் வருவது அரிது. பக்கத்தில் நிற்கிற நண்பன்தான் மீட்புக் குழு. அதனால் கருவி இருப்பதை விட, கண்ணை மூடிக்கொண்டு பாவிக்கத் தெரிவது முக்கியம்.

இதைப் பழகப் பனி தேவையில்லை. நாங்கள் கார்த்திகை மாதத்தில் லிப்பெ கரைப் புல்வெளியில் செய்தோம். ஒரு கருவியைத் துணிப்பையில் சுற்றி உலர்ந்த இலைக்குள் ஒளித்துவிட்டு, நேரம் பார்த்துத் தேடச் சொன்னோம். முதல்தடவை மகளுக்கு ஒன்பது நிமிடம். ஐந்தாம் தடவை மூன்று. சின்னவன் அவளை விடக் கெதி, ஏனென்றால் அவன் திரையை மட்டும் பார்த்தான், யோசிக்கவில்லை. கைத்தொலைபேசியை எல்.வி.எஸ் கருவிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. அனுப்புகிற நிலையில் குறைந்தது 20 சென்ரிமீற்றர், தேடுகிற நிலையில் 50 சென்ரிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும். பிள்ளைகளிடம் தொலைபேசியைத் தள்ளி வைக்கச் சொல்ல இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

650 கிலோமீற்றர் என்ற ஆபத்து

எங்களைப் போன்ற தட்டை நிலத்து ஆட்களுக்கு மட்டும் உரிய ஒரு ஆபத்தும் இருக்கிறது. எந்த அறிக்கையிலும் அது வராது.

மியூனிக்கில் இருக்கிற பிள்ளை சனிக்கிழமை போய்ப் பார்க்கும், பனி சரியில்லையென்றால் அடுத்த சனிக்கிழமை போகும். எங்களுக்கு நோர்ட்றைன் வெஸ்ற்பாலனில் மாசி மாத விடுமுறை இல்லை. கார்னவலை ஒட்டிய மூன்று, நான்கு நாள்தான். 650 கிலோமீற்றர் கார் ஓட்டம், முன்கூட்டியே கட்டிய தங்குமடம், வாடகைக்கு எடுத்த ஸ்கீ. முதல்நாள் மூடுபனி, இரண்டாம்நாள் காற்று, மூன்றாம்நாள் வெயில். அன்றைக்குத் திரும்பினால் உச்சி இல்லை. "இவ்வளவு தூரம் வந்திட்டு ஏறாமல் போறதே?" அந்தக் கேள்விதான் 35 பாகைச் சரிவுக்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும்.

அமெரிக்க ஆய்வாளர் இயன் மக்கமன் 700க்கு மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளைப் பார்த்துவிட்டுச் சொன்னதும் இதுதான். ஆட்களுக்கு அறிவு இல்லாமல் போவதில்லை. இலக்கைப் பிடித்துத் தொங்குவது, தெரிந்த இடம் என்ற நம்பிக்கை, முன்னுக்குப் போனவர்களின் தடம், கூட்டத்துக்கு முன்னால் கூச்சம், அனுபவசாலி ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு, இவைதான் தெரிந்த அறிவையும் மறைக்கின்றன.

கடைசி இரண்டும் எங்கட வீடுகளுக்கு நேராக வந்து நிற்கிறது. பெரியவர் சொன்னால் குறுக்கே பேசாதே என்று வளர்த்திருக்கிறோம். மாமா சொன்னால் சரி, ரீச்சர் சொன்னால் சரி. ஆறு பேர் கொண்ட குழுவில் எல்லோரும் வெள்ளைக்காரப் பிள்ளைகளாக இருக்க, எங்கட பிள்ளை ஒன்றுதான் மலை பழகாத வீட்டிலிருந்து வந்திருக்கும். "எனக்குப் பயமாக இருக்கு" என்று சொன்னால் சிரிப்பார்களோ என்று பேசாமல் பின்னால் போகும். மலையில் அந்த ஒரு குரல் ஆறு பேரையும் காப்பாற்றலாம். நல்ல குழுக்களில் ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும் என்று காலையிலேயே பேசி வைப்பார்கள்.

வீட்டில் வாய் திறக்கப் பழகாத பிள்ளை மலையில் திறக்காது. மகளுக்கு அனுமதி கொடுப்பதற்கு முன் நானும் அவரும் எங்களைக் கேட்டுக்கொண்டது இதுதான். "இல்லை அப்பா, நீங்கள் சொல்லுறது பிழை" என்று அவள் எங்களிடம் சொல்லும்போது நாங்கள் எப்படி முகத்தை வைத்திருக்கிறோம்?

அம்மாவின் பயம்

அம்மா, அதாவது பிள்ளைகளின் அம்மம்மா, கேட்டவுடனேயே மறுத்துவிட்டா. "பனியோட ஆரும் விளையாடுவினமோ?" அவவின் தம்பி 1991 பனிக்காலத்தில் இரவில் எல்லைக் காட்டுக்குள்ளால் நடந்து ஜேர்மனிக்குள் வந்தவர். சப்பாத்துக்குள் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு. இன்றைக்கும் குளிர் வந்தால் அவருக்குக் கால்விரல் நோகும். எங்கட குடும்பங்களில் இப்படி ஒருவராவது இருக்கிறார். அந்தத் தலைமுறைக்குப் பனி என்பது விளையாட்டுச் சாமான் இல்லை. அதைப் பகிடி பண்ணிக் கடந்து போவது நியாயமில்லை.

மகள் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, ஐந்து நிலையையும் வரைபடத்தையும் காட்டி விளங்கப்படுத்தினாள். அம்மா முழுதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டா. "சரி வராட்டில் திரும்பி வருவியோ?" "ஓம் அம்மம்மா." "ஆரும் நக்கலடிச்சாலும்?" "ஓம்."

எங்கட மொழியில் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்வதில்லை. "போயிட்டு வாறன்" என்றுதான் சொல்லுவோம். ஸ்கீ ரூருக்கு அல்பைன் சங்கம் நடத்துகிற பயிற்சியின் சாரமும் ஏறக்குறைய அதுதான்.

மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு அழைத்தாள். "அம்மா, உச்சிக்குப் போகேல்ல. காட்டு எல்லையில நிண்டு பார்த்தம், காற்று பனியைக் குவிச்சிருந்தது. நான்தான் முதல்ல சொன்னனான். வழிகாட்டியும் ஓம் எண்டிட்டார். திரும்பிட்டம்." குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. எனக்கு அன்றிரவு நல்ல நித்திரை. அம்மாவிடம் சொன்னபோது அவ சாமித்தட்டில் விளக்கை ஏற்றிவிட்டு, "இனிப் போகட்டும்" என்று சொன்னா.

முதல் அல்ப்ஸ் மலை

குடும்பமாகத் தொடங்க விரும்புகிறவர்களுக்குப் பயர்னில் ஹோர்ன்லெ நல்ல இடம். பாட் கோல்குறூப் என்ற ஊர், முர்னவுக்கும் ஓபராமர்கவுவுக்கும் இடையிலான ரெயில் பாதையில் இருக்கிறது. உச்சி 1548 மீற்றர், ஏற்றம் 600 முதல் 700 மீற்றர், சரிவுகள் மென்மை. 1390 மீற்றரில் ஹோர்ன்லெ குடில் இருக்கிறது, சூப் குடிக்கலாம், அங்கேயே நிறுத்தித் திரும்பவும் செய்யலாம். திரும்புவதற்கு ஒரு நல்ல இடம் பாதி வழியில் இருப்பது முதற்பயணத்துக்குப் பெரிய உதவி. மென்மையான மலை என்றாலும் அன்றைய அறிக்கையைப் பார்க்காமல் ஏறக் கூடாது. காட்டுக்கோழிகள் ஒதுங்குகிற இடங்களுக்குப் பலகை வைத்திருப்பார்கள். அதற்குள் போகாதீர்கள். நடுப்பனிக்காலத்தில் எழுப்பி ஓட வைத்தால் அவற்றின் சக்தி அங்கேயே முடிந்துவிடும்.

பயிற்சிக்கு வெஸ்ற்பாலனிலேயே அல்பைன் சங்கத்தின் கிளைகள் இருக்கின்றன, டோட்முண்ட், மூன்ஸ்ரர் உட்பட. இளைஞர் பிரிவில் 27 வயது வரை இருக்கலாம். அங்கத்தவருக்கு மலை மீட்புக் காப்புறுதி சேர்ந்தே வரும், 25 000 ஒயிரோ வரை. வழமையான மருத்துவக் காப்புறுதி தேடுதல் செலவை எப்போதும் கட்டுவதில்லை என்பதால் இதை இலேசாக எடுக்க வேண்டாம்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்க

பிள்ளை வெளிக்கிடும் முன் நாங்கள் கேட்கிற கேள்விகள் இவை. இன்றைக்கு எத்தனையாம் நிலை, எந்த உயரம், எந்தத் திசை, என்ன காரணம்? போகிற பாதையில் மிகச் செங்குத்தான இடம் எத்தனை பாகை? யார் நடத்துகிறார், அவர் எங்கே பயின்றவர்? மூன்று பொருளும் எல்லோரிடமும் இருக்கிறதா, காலையில் கருவியைச் சோதித்தீர்களா? எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? சரிவராவிட்டால் வேறெங்கே போவீர்கள்? எத்தனை மணிக்குள் அழைக்காவிட்டால் நான் உதவிக்கு அழைக்கலாம்?

இலக்கங்கள்: ஜேர்மனியில் 112, ஒஸ்ரியா மலை மீட்பு 140, சுவிஸ் றேகா 1414. தொலைபேசி எடுக்காத இடத்தில் ஒரு நிமிடத்துக்கு ஆறு தடவை விளக்கோ விசிலோ, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, திரும்பவும் ஆறு.

கடைசியாக, கட்டிய காசைப் பற்றி. தங்குமடத்தைப் பதியும்போது, ஏற முடியாத நாளுக்கும் ஒரு திட்டத்தை அப்போதே சேர்த்துப் பதியுங்கள். ஒரு நீச்சல் தடாகம், ஒரு சறுக்குவண்டிப் பாதை, பக்கத்து ஊரில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு மத்தியானச் சாப்பாடு. திரும்பி வருகிற நாளிலும் போவதற்கு ஒரு நல்ல இடம் இருந்தால், பிள்ளைகள் திரும்புவதற்கு யோசிக்க மாட்டார்கள்.